இடதுபக்க டிஸ்க்

புதன்கிழமை, மத்தியானம்

அன்புள்ள இன்ஜினியரம்மாவுக்கு,

உன் மாஸ்டர் எழுதிக்கொள்வது. நானும் வீடும் கடையும் நலம். நீயும் நலமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் நலமாக இருப்பவளை யார் ஆஸ்பத்திரியில் படுக்கவைப்பார்கள் என்று நீ திருப்பிக் கேட்பாய். அதனால் அந்தக் கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

மாத்திரைக் கவரின் பின்னால் நீ எழுதி அனுப்பியதை உன் தம்பி கொண்டுவந்து கொடுத்தான். வார்டில் போனை வாங்கி வைத்துக்கொண்டது ஒருவிதத்தில் நல்லதுதான். உன் கையெழுத்தை நான் பார்த்தே எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. மூன்று கேள்வி கேட்டிருக்கிறாய். ஒழுங்காகச் சாப்பிடுகிறேனா, டிஸ்க் வாங்கிப் போட்டாயிற்றா, எப்போது வருகிறேன். முதல் கேள்விக்கு ஆமாம். இரண்டாவது பெரிய கதை, அதைச் சொல்கிறேன்.

நீ சொன்ன தெருவுக்கே போனேன். இந்தப் பக்கம் பத்துக் கடை, அந்தப் பக்கம் பத்துக் கடை, எல்லாவற்றிலும் பழைய கம்ப்யூட்டரின் குடலை உருவிப் போட்டு வைத்திருக்கிறார்கள். நீ எழுதிக் கொடுத்த பெயரைக் காட்டி விசாரித்ததில், நெற்றியில் ஒரு கண்ணாடியும் மூக்கில் ஒரு கண்ணாடியும் போட்ட ஒருவரிடம் அனுப்பினார்கள். அவரை அந்தத் தெருவே இரட்டைக் கண்ணாடி என்றுதான் கூப்பிடுகிறது. எட்டு டெரா டிஸ்க் ஒன்று வேண்டும் என்று சொன்னேன். “சாட்டாவா, சாஸா?” என்று கேட்டார். நான் பேந்தப் பேந்த விழித்தேன். எது நன்றாக உழைக்குமோ அதைக் கொடுங்கள் என்றேன். மனிதர் சிரித்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு, “உக்காருங்க, யார் அனுப்பினாங்க உங்களை?” என்றார். உன் பேரைச் சொன்ன பிறகு மரியாதை கூடிவிட்டது. கல்லூரிக் கம்ப்யூட்டர் ரூம் அம்மாவின் வீட்டுக்காரரா என்று டீயெல்லாம் வரவழைத்தார்.

டிஸ்க்கை ஒரு மெஷினில் மாட்டித் திரையைக் காட்டினார். நாற்பத்தோராயிரத்துச் சொச்சம் மணி நேரம் ஓடியிருக்கிறதாம். கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஏறக்குறைய நாலே முக்கால் வருஷம் கண்மூடாமல் ஓடிய சரக்கு. எவனோ ஓட்டித் தேய்த்த தையல் மெஷினை நான் வாங்குவேனா? அதைச் சொன்னதற்கு, “வீணாப் போறது முதல் வருஷத்துலயே போயிடும் மாஸ்டர், இவ்வளவு ஓடினது இன்னும் ஓடும்” என்றார். நீயும் இதையேதான் சொன்னாய். ஆகவே வாயை மூடிக்கொண்டு வாங்கிவந்தேன்.

வீட்டில் நம் கம்ப்யூட்டர் பெட்டியின் வயரில் மாட்டினால் ஓடவில்லை. ஒரு முனகல்கூட இல்லை. வயரை மாற்றிப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன், கும்பிடாத குறை. திரும்பக் கடைக்குக் கொண்டுபோனேன், அங்கே ஜோராக ஓடுகிறது. வீட்டுக்கு வந்தால் மறுபடி பிணம். மூன்று நடை நடந்தேன். நம் வீட்டுக் கரண்டைக் கண்டால் அதற்கு ஆகவில்லையோ என்று எனக்குத் தலை சுற்றியது. மூன்றாவது நடையில்தான் இரட்டைக் கண்ணாடிக்குப் பொறி தட்டியது. பெரிய ஆபீஸ் மெஷினில் இருந்த டிஸ்க்காம் அது. நம் பெட்டியைப் போன்ற பழைய பெட்டியில் அதற்குக் கரண்ட் வரும் இடத்தில் மூன்றாவது பின்னை மூடிவிட வேண்டுமாம், மூடாவிட்டால் எழுந்திருக்காதாம். ஏன் என்று விளக்கினார். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனால் அரிசி மணி அகலத்துக்கு டேப்பை வெட்டி ஒட்டும் வேலை என்றால் அது என் வேலை. காலர் முனைக்குப் பயன்படுத்தும் சின்னக் கத்தரியால் வெட்டி, குண்டூசி முனையால் உட்கார வைத்தேன். ஓடிற்று. இன்ஜினியரம்மா வீட்டுக்காரன் என்று சட்டையைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

அப்புறம் எல்லாம் நீ பெட்டியின் மேல் ஒட்டிவிட்டுப் போன காகிதத்தின்படியே. பெட்டியை அணைத்தேன். இடதுபக்க டிஸ்க் கெட்டது என்று எழுதியிருந்தாய், இடது டிஸ்க்கைக் கழற்றினேன். அங்கே புதிதாக வாங்கியதைப் போட்டேன். கழற்றியதை அப்படியே குப்பையில் போடக் கூடாது, யார் கையிலும் சிக்காதபடி அழித்துவிட வேண்டும் என்று இரண்டு கோடு போட்டிருந்தாய். பெரிய ஆணியை வைத்து, பட்டனுக்கு விடுவது போல நாலு ஓட்டை போட்டேன். உன் கல்லூரியில்கூட இவ்வளவு சுத்தமாகச் செய்திருக்க மாட்டார்கள்.

இப்போது திரையில் மூன்று சதவீதம் என்று காட்டுகிறது. நல்ல டிஸ்க்கில் இருப்பதெல்லாம் புதியதற்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், சரிதானே? நீ பேசிவைத்த ஆயிரத்து அறுநூறு வாக்கியமும் அதில்தானே இருக்கிறது. திடீரென்று படுக்கை காலியாகிவிட்டது, உடனே வா என்று ஆஸ்பத்திரியில் கூப்பிட்டதில் உனக்கு அதை வேறெங்கும் எடுத்துவைக்க நேரமில்லாமல் போயிற்று. கவலைப்படாதே. ஆபரேஷனுக்குப் பிறகு நீ எழுத்தில் தட்டுவதை உன் குரலிலேயே பேசப்போகும் கருவிக்கு வேண்டிய சரக்கை நான் காவல் காத்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாவது கேள்விக்கு என்ன சொல்வது? இதை நடுவில் விட்டுவிட்டு எப்படி வருவேன் சொல். கரண்ட் போனால் யார் பார்ப்பது? பள்ளிக்கூட யூனிபாரம் வேறு தலைக்கு மேல் கிடக்கிறது. பார்க்கலாம்.

தொண்டைக்குப் போர்வையைச் சுற்றிக்கொண்டு தூங்கு. உன் வலி சீக்கிரம் உன்னைவிட்டுப் போகட்டும்.

இப்படிக்கு,
உன் மாஸ்டர்

.

சனிக்கிழமை

அன்புள்ள இன்ஜினியரம்மாவுக்கு,

உன் தம்பி வாசலில் நின்றுகொண்டு பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று குதிக்கிறான். சுருக்கமாக எழுதுகிறேன். நீ கேட்ட பச்சைச் சால்வையும் இரண்டு நைட்டியும் பையில் இருக்கின்றன. கழுத்து இறுக்குகிறது என்று சொன்னாயாம், இரண்டுக்கும் கழுத்தை அகலமாக வெட்டி மடித்துத் தைத்திருக்கிறேன். போட்டுப் பார்த்து எப்படி இருக்கிறது என்று எழுது.

பெட்டி விஷயத்தில் எனக்கு ஒன்றுமே புரியவில்லை. அறுபத்தொன்று வரைக்கும் ஒழுங்காக வந்தது. நேற்றுக் காலையிலிருந்து அறுபத்தொன்றிலேயே நிற்கிறது. உள்ளே டிக் டிக் என்று ஒரு சத்தம். புதிதாக வாங்கியதிலிருந்து வருகிறதா, ஏற்கெனவே உள்ளதிலிருந்து வருகிறதா என்று காதை வைத்துக் கேட்டேன். ஒருதரம் இதிலிருந்து வருகிற மாதிரி இருக்கிறது, ஒருதரம் அதிலிருந்து. சிவப்பு விளக்கு ஒன்று எரிகிறது. அது எரியலாமா, கூடாதா? உன் காகிதத்தில் பச்சை விளக்கைப் பற்றி மட்டும்தான் இருக்கிறது. நாற்பத்தோராயிரம் மணி நேரக் கிழடைத் தலையில் கட்டிவிட்டார் என்று இரட்டைக் கண்ணாடியைப் போனில் ஒரு பிடி பிடித்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் தானே வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

ஒரு சின்னச் சந்தேகம். நீ காகிதத்தில் இடது என்று எழுதியிருக்கிறாயே, அது பெட்டியின் இடதா, பெட்டிக்கு எதிரே நிற்பவரின் இடதா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். வேறொன்றுமில்லை. உன் தம்பியிடம் ஒரு வரி எழுதிக் கொடுத்தனுப்பு.

எப்போது வருகிறீர்கள் என்று மறுபடி கேட்டாயாம். இந்த நிலைமையில் எப்படி வருவேன்? நீயே யோசித்துப் பார்.

நன்றாக இரு. அந்த நர்ஸ் அம்மா சொல்வதைக் கேள்.

இப்படிக்கு,
உன் மாஸ்டர்

.

புதன்கிழமை

என் அன்புள்ள இன்ஜினியரம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்துகொண்டு படி. படுக்கையில் இருப்பவளிடம் உட்கார்ந்து படி என்கிறேன் பார், என் புத்தி அந்த அளவுக்குக் குழம்பிக் கிடக்கிறது.

நீ அனுப்பிய பதில் வந்தது. “எதிரே நிக்கிறவங்க இடதுதான். ஏன் கேக்கறீங்க?” என்று எழுதி, ஏன் என்பதற்குக் கீழே அழுத்திக் கோடு போட்டிருக்கிறாய். ஆனால் அது வருவதற்கு முன்பே எனக்கு விடை தெரிந்துபோயிற்று.

சனிக்கிழமை சாயங்காலம் இரட்டைக் கண்ணாடி வந்தார். ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனையை டிஸ்க்கில் வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டார். புதியது நன்றாக இருக்கிறது, சத்தம் போடுவது பழையதுதான் என்றார். கெட்டதைத்தான் கழற்றியாயிற்றே என்றேன். எந்தப் பக்கம் இருந்ததைக் கழற்றினீர்கள் என்று கேட்டார். இடது என்றேன். கை வைத்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். மனிதர் மெதுவாக, “மாஸ்டர், யாரோட இடது அது?” என்று கேட்டார்.

முப்பத்திரண்டு வருஷமாக நான் இடது என்றால் போட்டுக்கொள்பவரின் இடது. சட்டைப் பை இடதுபக்கம் என்றால் அது எதிரே நிற்கும் எனக்கு வலது கைப்பக்கம். அளவு எடுக்கும்போதும் அப்படித்தான், துணி வெட்டும்போதும் அப்படித்தான். யோசித்துச் செய்வது கிடையாது, கை தானாகப் போகும். அந்தப் பெட்டி என் எதிரே முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. அதன் இடது எது என்று கை தானாகப் போய்விட்டது. ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை. சந்தேகம் வந்திருந்தால் உன்னைக் கேட்டிருப்பேனே.

நல்ல டிஸ்க்கைத்தான் கழற்றியிருக்கிறேன். கழற்றியதோடு நிறுத்தியிருந்தாலும் திரும்ப மாட்டியிருக்கலாம் என்றார் அவர். நான் ஆணி அடித்ததைக் கொண்டுவந்து காட்டினேன். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். உள்ளே கலகலவென்று சத்தம் வந்தது. “இதுல இனி ஒண்ணும் எடுக்க முடியாது மாஸ்டர்” என்றார். இரண்டு மாதம், கல்லூரியிலிருந்து வந்து முகம்கூடக் கழுவாமல், மைக்கின் முன்னால் உட்கார்ந்து, தொண்டை எரிய எரிய நீ பேசியது. அதை ஐந்து நிமிடத்தில் நாலு ஓட்டை போட்டவன் நான். அதையும் பெருமையாக உனக்கு எழுதியிருக்கிறேன்.

முழுதும் போய்விடவில்லை, பயப்படாதே. நீ இரண்டு டிஸ்க்கிலும் ஒரே பதிவுகளை வைத்திருந்ததால், டிக் டிக் என்று சாகக் கிடந்ததை அவர் கடைக்கு எடுத்துப்போனார். கெட்ட இடத்தைத் தாண்டித் தாண்டி, கிடைப்பதை மட்டும் நிதானமாகப் படித்து எடுக்கும் கருவி ஒன்று வைத்திருக்கிறார். மூன்று நாள் கடை ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தேன். “போய் வேலையைப் பாருங்க மாஸ்டர், நீங்க முறைச்சா சீக்கிரம் வந்துடுமா?” என்றார். யூனிபாரம் தைக்கக் கொடுத்த பள்ளிக்கூடத்துக்காரர்கள் போனில் கத்தினார்கள். கத்தட்டும் என்று விட்டுவிட்டேன். ஓரிடத்தில் விறுவிறு என்று வருகிறது, அடுத்த இடத்தில் அரை நாள் அப்படியே நிற்கிறது. ஏன் என்று கேட்டால் அதற்கே தெரியாது என்கிறார். நேற்று அது கடைசியாக நின்றுவிட்டது. ஆயிரத்து அறுநூறில் நானூற்றுப் பன்னிரண்டு கிடைத்திருக்கிறது. மூன்று இடத்தில் நகல் எடுத்துவிட்டோம், ஒன்று உன் தம்பியின் சட்டைப் பையில் இருக்கிறது. வாங்கி, உன் குரல் கருவியைச் செய்யும் மேடத்திடம் கொடுத்துவிடு.

மேடத்திடம் போனில் பேசினேன். என்னைத் திட்டுவார் என்று பார்த்தேன், திட்டவில்லை. நானூறில் குரல் செய்யலாமாம். “உங்க வீட்டம்மா குரல்னு அடையாளம் தெரியும், ஆனா ஏற்ற இறக்கம் இருக்காது. இன்னும் இருநூறு பேசினாங்கன்னா நல்லா வரும்” என்றார். ஆனால் டாக்டர் உனக்கு ஒரு நாளைக்கு அரைமணி நேரம்தான் பேச அனுமதி கொடுத்திருக்கிறாராம். சனிக்கிழமை ஆபரேஷன். கையில் இருப்பது நாளையும் நாளை மறுநாளும்தான்.

இன்னொன்றும் கிடைத்தது. சரியாக வரவில்லை என்று நீ தனியாக ஒதுக்கிவைத்த பதிவுகள். அவை டிஸ்க்கின் நல்ல பகுதியில் இருந்தனவாம், ஒன்றுவிடாமல் வந்துவிட்டன. குரல் செய்ய அவை உதவாது, பின்னால் சத்தம் இருக்கிறது என்று மேடம் சொல்லிவிட்டார். என்ன சத்தம் என்று நான் கேட்டுப் பார்த்தேன். என் தையல் மெஷின்.

“இன்று மாலை மழை பெய்யக்கூடும்” என்பதை நீ ஏழு தடவை சொல்லியிருக்கிறாய். ஏழு தடவையும் நான் நடுவில் மெஷினை ஓட்டியிருக்கிறேன். “மாஸ்டர், கொஞ்சம் நிறுத்துங்க.” “மாஸ்டர், மூணாவது தடவை சொல்றேன்.” “அந்தக் காலர் என்ன ஓடியா போயிடும்?” அப்புறம் இருமுகிறாய், தண்ணீர் குடிக்கிறாய், சிரித்துவிட்டு மறுபடி மழை பெய்யக்கூடும் என்கிறாய். ஒரு காலரை முடித்துவிட்டு எழுந்திருக்கலாம் என்று நான் நினைத்த நேரத்தில், ஒன்றுக்குப் பதில் ஏழாக உன் தொண்டையைச் செலவழித்திருக்கிறாய். அப்போது எனக்கு அது உறைக்கவே இல்லை. நீ கூப்பிடுவது வழக்கம், நான் காதில் வாங்காதது வழக்கம் என்று இருந்துவிட்டேன்.

இரட்டைக் கண்ணாடியின் கடையில், அத்தனை பேருக்கு நடுவில், உட்கார்ந்து அழுதேன். அவர் பாவம், என்ன செய்வது என்று தெரியாமல் நெற்றிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

இனி உன் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். எப்போது வருகிறீர்கள் என்று நீ ஒவ்வொரு சீட்டிலும் கேட்டாய். நான் ஒவ்வொரு தடவையும் டிஸ்க்கைப் பற்றி எழுதினேன். சதவீதம், விளக்கு, பின், யூனிபாரம் எல்லாம் சாக்கு. எனக்குப் பயம், அதுதான் உண்மை. வந்தால் நீ பேசுவாய். நீ ஒவ்வொன்றாகப் பேசப் பேச, இன்னும் எவ்வளவு மிச்சம் என்று என் மனசு எண்ணிக்கொண்டே இருக்கும். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை எண்ண என்னால் முடியாது என்று நினைத்தேன். பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்வரை சனிக்கிழமை வராது என்று எனக்குள் ஒரு பைத்தியக்காரக் கணக்கு. உன் குரலைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று, பேசுகிறவளைத் தனியே விட்டுவிட்டு இங்கே உட்கார்ந்திருக்கிறேன். பதினெட்டு நாள். “அக்கா வாசலையே பாத்துட்டு இருக்கு மாமா” என்று உன் தம்பி நேற்றுச் சொன்னான்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். உன் தம்பி இன்று சாயங்காலமே வந்துவிடுவான். நான் நேரில் சொன்னால் நடுவில் உடைந்துவிடுவேன், நீ என்னைத் தேற்றப் பேசியே அரைமணி நேரத்தையும் தீர்த்துவிடுவாய். அதனால்தான் இதை முன்னால் அனுப்புகிறேன். பெட்டியை அணைத்து, மேலே துணியைப் போட்டு மூடிவிட்டேன். கரண்ட் போனாலும் வந்தாலும் அதன் பாடு.

அந்த இருநூறு வாக்கியத்தைப் பேசுவதா வேண்டாமா என்பது உன் விருப்பம். வலித்தால் வேண்டாம். ஏற்ற இறக்கம் இல்லாத குரல் வந்தாலும் அது சொல்வதை நான் காதில் வாங்குவேன், இந்தத் தடவை சத்தியமாக வாங்குவேன். பேசுவது என்று நீ முடிவு செய்தால், உன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பேன், தண்ணீர் டம்ளரைக்கூட வைக்கும்போது சத்தம் வராமல் வைப்பேன். ஆனால் எல்லாவற்றையும் அந்த மைக்குக்கே கொடுத்துவிடாதே. கடைசியில் எனக்கென்று கொஞ்சம் மிச்சம் வை. நான் செய்த காரியத்துக்கு நீ என்னைத் திட்ட வேண்டும். சீட்டில் எழுதிக் காட்டினால் ஏற்றுக்கொள்ள மாட்டேன். வாயால் திட்டு. மெதுவாகத் திட்டு, அவசரமே இல்லை.

இப்படிக்கு,
நாளை வந்துசேரும்
உன் மாஸ்டர்